யாத்திரையும் வழித்துணையும்

யாத்திரை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கோபுரமும் தீர்த்தமும் கொடிமரமுமே. போய்ச் சேரும் இடத்தை நினைக்கிறோம். போகும் வழியை மறந்துவிடுகிறோம். ஆனால் யாத்திரைகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதலிற் கிடைப்பது வழியின் வரலாறேயாகும். வழியிலே தண்ணீர் கொடுத்தவர் யார், படுக்கத் திண்ணை கொடுத்தவர் யார், காட்டைக் கடக்கத் துணை வந்தவர் யார் என்னும் செய்திகளை நீக்கிவிட்டால் யாத்திரை வரலாற்றில் எஞ்சுவது மிகச் சிறிதே.

இவ்வாண்டு ஆடி மாதத்தில் முந்தலிலிருந்து கதிர்காமம்வரை நண்பர் ஒருவரோடு துவிச்சக்கரவண்டியிற் சென்று வழிபட்டுத் திரும்பினோம். திரும்பிய நாள்முதல் ஊரிலே பெரியோரும் இளைஞரும் எம்மிடம் கேட்டுவருவது ஒரே கேள்வி: “சைக்கிளில் போனால் அது யாத்திரையாகுமா?” கேட்டவர் சிலர் நகைத்துக் கேட்டனர்; சிலர் உண்மையாகவே கவலையோடு கேட்டனர். இரு சாராருக்கும் விடை கூறும் கடமை எமக்கு உண்டு. அவ்விடையை எமது மனம்போனபடி கூறாது வரலாற்றிலே தேடிப் பார்த்தோம். தேடியதில் கண்டவற்றை அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊர் வழி

முந்தல் யாத்திரைத் தலம் அன்று. யாத்திரை வழியில் உள்ள ஊர். வடக்கே புத்தளம், தெற்கே சிலாபம். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் நாம் இருக்கிறோம். மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல். ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் நம் களப்பைப் புத்தளக் களப்போடு இணைக்கிறது. 1926இல் புகையிரதப் பாதை சிலாபத்திலிருந்து புத்தளம்வரை நீண்டபோது, அதுவும் முந்தலைத் தொட்டே சென்றது. கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடையே ஓடும் பெருவீதியும் இவ்வழியே செல்கிறது. நீராலும் இரும்பாலும் தாராலும் ஆன மூன்று வழிகளும் நம் வாசலைக் கடந்துதான் போகவேண்டியிருக்கின்றன.

இவ்வழியே செல்வோர் நாடும் தலங்களும் பல. தெற்கே முன்னேசுவரம். இராமபிரான் இலங்கைப் போரின்பின் வழிபட்ட தலம் என்பது ஐதிகம். 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட அக்கோயிலுக்குக் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1753இல் மீண்டும் திருவிழாக் காணும் வாழ்வு கொடுத்தான் என்பது வரலாறு. அருகே கடற்கரையில் உடப்பு. அங்கே ஆடியில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. வடமேற்கே கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில் புனித அன்னம்மாள் ஆலயம்; கத்தோலிக்கர் மட்டுமன்றி மற்றைச் சமயத்தவரும் நேர்த்தி வைத்துச் செல்லும் இடம். ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் இவ்வீதியில் எச்சமயத்தார் எத்திசை நோக்கிப் போகிறார் என்று சொல்வதே கடினம். வெயிலும் புழுதியும் எல்லார்க்கும் பொது, தாகமும் பொது.

1344ஆம் ஆண்டு யாத்திரை

இவ்வழியே சென்ற யாத்திரிகருள் உலகறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் மொறோக்கோ நாட்டு இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் போகப் புறப்பட்ட அவரது கப்பல் 1344இல் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அவர் இறங்கிய ஊரைப் ‘பத்தாலா’ என்று எழுதுகிறார், அது புத்தளம். அப்போது அங்கே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி தங்கியிருந்தான். அரசன் பாரசீக மொழி அறிந்தவன். விருந்தினரை உபசரித்து முத்துக்களைக் கொடுத்து, இன்னும் வேண்டுவது யாது என வினவினான். இப்னு பதூதா பொருள் ஒன்றும் வேண்டவில்லை. ஆதாமின் பாதம் பதிந்த மலையைத் தரிசிப்பதே தமது விருப்பம் என்றார். நாம் சிவனொளிபாதமலை என்று கைகூப்பும் மலையும் அதுவே.

அரசன் அவருக்கு உதவியாய் அனுப்பியவர்களின் பட்டியலைக் கவனித்தல் வேண்டும். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் வழக்கமுடைய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரண்மனையைச் சேர்ந்தோர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர். அவர் அமர்ந்து செல்லப் பல்லக்கு ஒன்றும், அதைத் தூக்க ஆட்களும் தரப்பட்டனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர், தமிழ் அரசன் கொடுத்த பல்லக்கில், யோகியர் வழிகாட்ட, பிராமணர் உடன்வர, பௌத்தரும் வணங்கும் மலைக்குச் சென்றார். அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் நமது கரையிலே நடந்த காட்சி இது.

புத்தளத்திலிருந்து புறப்பட்டவர்கள் முதல்நாள் ஓர் ஆற்றை மூங்கில் தெப்பத்தால் கடந்தனர். பின்னர் ‘மன்னார் மண்டலி’ என்று அவர் எழுதும் ஊரை அடைந்தனர். அவ்வூரார் சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் கொடுத்து விருந்து செய்தனராம். அங்கே நோயினால் வழியில் தங்கிவிட்ட குராசான் தேசத்து முஸ்லிம் ஒருவரையும் கண்டனர். அவரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டே மேற்சென்றனர். அதன்பின் அடைந்த துறைமுகத்தைச் ‘சலாவாத்’ என்கிறார். அது சிலாபம் என்பது அறிஞர் கருத்து. ஆகவே அந்த விருந்தும் அந்த நோயாளியின் மீட்சியும் நிகழ்ந்தது புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட நம் நாட்டுப்புறத்திலேதான். அவ்விருந்தைச் சமைத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்களை விலக்கிவிட்டு இப்னு பதூதாவின் யாத்திரையை எழுத இயலுமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். மலையேறும் பாதைகள் இரண்டு என்று அவர் எழுதுகிறார்: ஒன்று ஆதாமின் பெயரால் வழங்கும் ‘பாபா’ பாதை, மற்றொன்று ஏவாளின் பெயரால் வழங்கும் ‘மாமா’ பாதை. மாமா பாதை எளியது. யாத்திரிகர் அதனாலே இறங்குவர். ஆனால் அதனாலே ஏறியவரை யாத்திரை செய்தவராக எவரும் மதிப்பதில்லையாம். கடினமான பாதையில், பாறையிற் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறினாலே யாத்திரை. “சைக்கிளில் போனால் யாத்திரையாகுமா” என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று என்பது இதனால் விளங்கும். எளிய வழியை ஐயுறும் மனம் மிகப் பழையது; மதிக்கத்தக்கதும் ஆகும்.

எனினும் ஒன்று நோக்குக. மலையடிவாரம்வரை அவரைச் சுமந்தது பல்லக்கு. அதனால் அவரது யாத்திரை குறைந்தது என்று உடன்சென்ற யோகியர் ஒருவரும் சொல்லியதாக அவர் எழுதவில்லை. மலையில் மூன்று நாள் தங்கி, தெற்கே தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகச் சுற்றி மீண்டும் புத்தளத்தை அடைந்தார். ஊர்தி ஏறியதால் யாத்திரை கெடும் என்பது அக்காலத்தும் முழு உண்மையாகக் கொள்ளப்படவில்லை.

இரு சக்கரங்கள் வந்த கதை

இங்கிலாந்தில் 1885இல் ஸ்டார்லி என்பவர் செய்த ‘றோவர்’ வண்டியே இன்றைய துவிச்சக்கரவண்டிக்கு முன்மாதிரி. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தார். அந்த ரயருக்கு வேண்டிய இறப்பர் ஆசியாவுக்கு வந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட இறப்பர்க் கன்றுகள் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. தெற்கு நோக்கி மிதிக்கும் நம் ஊர் இளைஞன் கம்பகா மாவட்டத்தைக் கடக்கும்போது தன் ரயரின் பூர்வீகத்துக்கு அருகால் போகிறான் என்று சொல்லலாம்.

இவ்வண்டியிலே கோயில்தோறும் சென்ற முதல் நெடும்பயணங்களுள் ஒன்று ஒரு தம்பதியருடையது. அமெரிக்கரான ஃபனி புல்லொக் வேர்க்மன் அம்மையாரும் அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வேர்க்மனும் 1897க்கும் 1900க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இலங்கையிலும் இந்தியாவிலும் சைக்கிளிற் சுற்றினர். தென்முனையிலிருந்து இமயம்வரை சென்ற அப்பயணத்தின் தூரம் 14,000 மைல் என்பதை 1904இல் வெளியிட்ட தம் நூலின் பெயரிலேயே பொறித்தனர். சில நாட்களில் ஒரே நாளில் நாற்பது தடவைவரை ரியூபுக்கு ஒட்டுப் போட நேர்ந்ததாம். எலிகள் ஓடும் இடங்களிலும் படுத்தனர். இவர்கள் பட்ட கஷ்டத்தை எவரும் குறைவாக மதிப்பிட முடியாது. ‘பாபா’ பாதையின் கணக்கிலே பார்த்தால் இவர்கள் மகா யாத்திரிகர்.

ஆயினும் அவர்களது நூலிலே பெரிதும் நிறைந்து நிற்பவை பழைய கட்டடங்கள். சிற்பங்களையும் மண்டபங்களையும் ஊன்றிப் பார்த்தவர்கள், அம்மண்டபங்களின் நிழலில் அன்று வாழ்ந்த மக்களை அத்துணை ஊன்றிப் பார்க்கவில்லை. உழைப்பு இருந்தது; இணைபிரியாத துணை இருந்தது; வழியிலுள்ள மக்களோடு கலந்த உறவு மட்டும் குறைவாய் இருந்தது. அதனாலேதான் அதனை நாம் பயணம் என்கிறோம். யாத்திரை என்று சொல்ல நா எழவில்லை.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று. 1962இல் சதீஷ் குமார், இ. பி. மேனன் என்னும் இந்திய இளைஞர் இருவர் அணுகுண்டுக்கு எதிராக டில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினர். மொஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களும் அவர்களது இலக்கு. புறப்படுமுன் வினோபா பாவே அவர்களுக்குச் சொன்ன புத்திமதி, கையிலே பணம் கொண்டு செல்லாதீர்கள் என்பதாகும். பணம் இருந்தால் விடுதிக்குப் போவீர்கள். இல்லாவிட்டால் ஒரு வீட்டு வாசலைத் தட்டுவீர்கள் என்பதே அதன் கருத்து. ஏறத்தாழ 8,000 மைல் சென்ற இவர்களும் கடலைக் கப்பலிலேதான் கடந்தனர். ஆயினும் அது யாத்திரையன்று என்று யார் சொல்வார்? முன்பின் அறியாத மக்களின் வீட்டு வாசல்கள் வழிநெடுகத் திறந்தன; அவர்கள் யாத்திரை நிறைவேறியது.

கதிர்காமப் பாதை

நம் நாட்டிலே வழியும் துணையும் எத்துணை இன்றியமையாதவை என்பதைக் கதிர்காமத்தைப்போல் உணர்த்தும் தலம் வேறில்லை. அருணகிரிநாதர் திருப்புகழால் தமிழுலகெங்கும் அறியப்பட்ட அத்தலத்துக்குப் போகும் வழி, காடும் விலங்கும் காய்ச்சலும் நிறைந்ததாய் நெடுங்காலம் இருந்தது. தனியே சென்றவர் திரும்புவது அரிது. ஆகவே கூட்டமாய்ச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கூட்டத்தோடு வாந்திபேதியும் பரவுகிறதென்று கூறி ஆங்கில அரசாங்கம் யாத்திரிகர்களைக் கட்டுப்படுத்தியது. 1908முதல் 1911வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், அந்த யாத்திரைகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பிலிருந்தவர். அவர் 1913இல் வெளியிட்ட நாவலிலும் காட்டு வழியே செல்லும் யாத்திரிகர் இடம்பெறுகின்றனர்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, குமணை வழியே செல்லும் பாதயாத்திரையை யாவரும் அறிவர். வாரக்கணக்காக நடக்கும் அவ்யாத்திரையை நடத்திவைப்பது வழியிலுள்ள கோயில்களும் ஊர்களுமே. 1983இல் மூண்ட போர் அவ்வழியைத் துண்டித்தது. 1988இல் கிழக்கிலே அது மீண்டும் உயிர்பெற்றது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலிருந்தும் யாத்திரிகர் நடக்கின்றனர். கால்கள் எப்போதும் இருந்தன. வழி அடைபட்டபோதே யாத்திரை நின்றது.

போர்க்காலத்தில் நம் வீதியில் வந்தவர்களையும் இங்கே நினைத்தல் தகும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது நம் புத்தளம் மாவட்டத்துக்கே. அவர்கள் யாத்திரிகரல்லர், விரும்பி வந்தவருமல்லர். ஆனால் பசித்த வழிப்போக்கரை ஏற்றல் என்னும் பழைய அறம் இக்கரையை அன்று மீண்டும் சோதித்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தோட்டங்களும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. 1344இல் குராசான் தேசத்து நோயாளியைத் தாங்கிய அதே கரையன்றோ இது!

எமது பயணம்

இவ்வரலாற்றோடு சேர்த்து எண்ணும் தகுதி எமது சிறு பயணத்துக்கு இல்லை. எனினும் கேள்விக்குக் காரணமானது அதுவாகையால் சில சொல்வோம். முந்தலிலிருந்து முன்னேசுவரம் சென்று வழிபட்டுத் தெற்கு நோக்கினோம். கொழும்பு, காலி, மாத்தறை, தங்காலை, அம்பாந்தோட்டை, திசமகாராமை வழியாகக் கதிர்காமம் ஏறத்தாழ 390 கிலோமீற்றர். மோட்டார் வண்டியில் செல்வோர்க்கு ஒருநாட் பயணம். எமக்கு ஐந்து நாள்.

சைக்கிளில் செல்பவன் எவரையும் காணாமற் கடந்துபோக இயலாது. கண்ணாடி ஏற்றிய வாகனத்தில் இருப்பவன் ஊர்களைப் பார்க்கிறான். சைக்கிளில் இருப்பவனை ஊர் பார்க்கிறது. தங்காலைக்கு அருகே சிங்களக் குடும்பம் ஒன்று, நாங்கள் கேளாமலே செவ்விளநீர் வெட்டித் தந்தது. இரவு மழை வரும் என்று சொல்லி விறாந்தையிற் பாய் விரித்தது. அம்பாந்தோட்டையில் ரயர் வெடித்தபோது, திருத்திக் கொடுத்த முஸ்லிம் பெரியவர், “கதிர்காமத்துக்கா போறீங்க தம்பிமார்? அப்ப காசு வேணாம்” என்று பணத்தைத் திருப்பித் தந்தார். கதிர்காமத்திலே பள்ளிவாசலும் உண்டென்பதை அவர் எமக்கு நினைவூட்டினார்.

திசமகாராமையில் நண்பரின் முழங்கால் வீங்கிவிட்டது. மிதிக்க முடியவில்லை. “நீ போ மச்சான், சாயரட்சைப் பூசையைப் பார். நான் மெல்ல வாறன்” என்றார். இரண்டு வண்டிகளையும் ஒரு கடையில் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய வழியை இருவரும் நடந்தோம். அவர் கை எமது தோள்மேல் இருந்தது. மாணிக்க கங்கையில் இறங்கும்போது நன்றாய் இருட்டிவிட்டது, பூசை முடிந்துவிட்டது. ஆனால் வந்த காரியம் முடிந்தது என்னும் நிறைவு இருவருக்கும் அப்போதே உண்டாயிற்று.

தருமர் ஏறாத தேர்

நாம் கிறிஸ்தவப் பாடசாலையிற் பயின்றவர்கள். ஜோன் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ அங்கே பாடமாயிருந்தது. 1678இல் வெளிவந்த அந்நூலின் முடிவிலே கிறிஸ்தியான் ஓர் ஆற்றைக் கடக்கவேண்டும். ஆற்றிலே அவன் அமிழும்போது தலையைத் தாங்கிக் கரைசேர்ப்பவன் உடன்வந்த துணைவன். அதைப் படித்த காலத்தில் நமக்கு உடனே நினைவுக்கு வந்தது உடப்பிலே ஆடித்தோறும் கேட்டு வளர்ந்த பாரதக் கதைதான்.

பாண்டவர் நாடு துறந்து வடக்கு நோக்கி நடந்த இறுதி யாத்திரையில் திரௌபதை முதலில் வீழ்ந்தாள். பின்னர்த் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்தனர். தருமரோடு எஞ்சியது வழியிலே கூடவந்த நாய் ஒன்றே. இந்திரன் தேரோடு வந்தான், ஏறுக என்றான். தருமரோ, தம்மை நம்பிக் கூடவந்த உயிரை விட்டு ஏறமாட்டேன் என்று நின்றார். அந்நாயே தருமதேவதை என்பது பின்பு வெளிப்பட்டது.

தேரில் ஏறுவது தவறு என்று தருமர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. ஊர்தி அங்கே கேள்வியன்று; துணையே கேள்வி. மலைப்பாதையின் கடுமையை அளவுகோலாக்கிய பழைய யாத்திரிகரும் ஓர் உண்மையைக் கண்டவரே. உழைப்பில்லாத யாத்திரை உல்லாசமாய் முடியும். ஆனால் உழைப்பு ஒன்றினாலே யாத்திரை நிறைவேறாது. வழித்துணையை விடாதிருத்தலும், வழியோரத்தார் கொடுத்ததை வணங்கி ஏற்றலும் சேர்ந்தபோதே அது நிறைவேறுகிறது. சைக்கிளில் போனாலும் ஆகும். பல்லக்கில் போனாலும் ஆகும். நடந்துபோயும் ஆகாமற் போகலாம். இதுவே எம்மைக் கேட்டவர்களுக்கு நாம் கூறும் விடை.

இவ்விடை உண்மையாயின் நம் சங்கத்துக்கு ஒரு கடமை பிறக்கிறது. நாம் வழியில் வாழ்பவர்கள். யாத்திரை செய்வோர் சிலரே. யாத்திரையைச் செய்விப்போர் நாமெல்லோரும். முன்னாளில் மடமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் செய்த பணியை இன்று விலைக்கு விற்கும் போத்தல் தண்ணீர் செய்துவிடும் என்று இருத்தல் ஆகாது. ஆடி, ஆவணி இரு மாதங்களிலும் முந்தலில் பெருவீதியோரமாக ஒரு பந்தல் போடுவோம். இரண்டு மண்பானைத் தண்ணீர், மோர், களைத்தவர் சாய ஒரு பாய், காற்றடிக்கும் பம்பு ஒன்று, ஒட்டுப் போடும் சாமான் கொஞ்சம் இருந்தாற் போதும். செலவு சிறிது, இளைஞர் முறைவைத்து நின்றால் ஒருவருக்கும் பாரமில்லை. உடப்புக்குப் போகிறவரா, முன்னேசுவரத்துக்கா, தலவிலுக்கா என்று அங்கே எவரையும் கேட்கவேண்டியதில்லை. தாகமா என்று மட்டும் கேட்போம்.

அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் விருந்து சமைத்தவர்களின் பெயரை ஏடு மறந்தது. அவர்களின் பணியை நாம் மறவாதிருப்போமாக.